அத்தியாயம் 9: ஏரிக்கரைப் பழைய நிலத்துக்குச் சொத்துவரி விலக்கு கேட்பது

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஏரிக்கரையில் பரம்பரையாகச் சத்திரமோ மண்டபமோ தோப்போ நந்தவனமோ வைத்திருப்பவர்கள், வரிக் கேட்பு அறிவிப்பு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இருநூறு வருஷப் பழைய இடத்துக்கும் வரியா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தை அப்படியே மனுவில் எழுதினால் மனு தோற்றுப்போகும். தமிழ்நாட்டின் நகர்ப்புறச் சொத்துவரிச் சட்டத்தில் நீர்நிலையோரப் பாரம்பரிய நிலம் என்று தனி வகைப்பாடே கிடையாது. சில சொத்துகளைச் சட்டமே வரியிலிருந்து விலக்கியிருக்கிறது. மற்றவற்றுக்கு, என்ன பயன்பாட்டில் இருக்கின்றன என்று பார்த்து வரி போடுகிறார்கள். இரண்டிலும் அதிகாரி பார்ப்பது வருவாய்த் துறைப் பதிவேட்டில் அந்த நிலம் என்னவாக எழுதப்பட்டிருக்கிறது, இன்றைக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதைத்தான். எனவே இந்த அத்தியாயம் வலியுறுத்துவது இதுதான்: பழமையை வாதமாக வைக்காதீர்கள், பயன்பாட்டுக்குச் சாட்சியாக வையுங்கள். மனு எழுத உட்காரும் முன் பதிவேட்டைச் சரிசெய்யுங்கள்.

இதற்கு ஆதாரம் சட்டத்தின் சொற்களிலேயே இருக்கிறது. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம் பல பத்தாண்டுகள் இந்தப் பகுதி நகராட்சிகளை ஆண்டது. அதன் 83ஆவது பிரிவு பொது விலக்குகளை வரிசையாகச் சொன்னது. பொது வழிபாட்டுக்கென ஒதுக்கப்பட்டு வேறு எதற்கும் பயன்படாத இடம், வாடகை வாங்காத சத்திரம், வாங்கும் வாடகை முழுவதும் தருமத்துக்கே செலவாகும் சத்திரம், பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நூலகமும் விளையாட்டு மைதானமும், குடியிருப்பாகவோ அலுவலகமாகவோ பயன்படாத பாதுகாக்கப்பட்ட தொல்சின்னம், பட்டியலில் சேர்ந்த மயானம் ஆகியவை அதில் வந்தன. 2023 ஏப்ரல் முதல் 1998ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்து, ஓசூர் மாநகராட்சி, கிருஷ்ணகிரி நகராட்சி, தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம் போன்ற பேரூராட்சிகள் எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்துவிட்டது. விலக்குகளின் அடிப்படை மாறவில்லை. அந்தப் பட்டியலை மறுபடி படித்துப் பாருங்கள். தொல்சின்னத்தைத் தவிர வேறு எங்கும் வயது பேசப்படவில்லை. தொல்சின்னத்துக்கும் வயது மட்டும் போதவில்லை. பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும், குடியிருப்பாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு வரியிலும் பயன்பாடுதான் நிபந்தனையாக நிற்கிறது.

இந்த நிபந்தனையைத் தளர்த்திப் படிக்க நீதிமன்றத்திலும் இடமில்லை. டிலிப் குமார் அண்டு கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2018இல் வகுத்த விதி, வரி விலக்கு கேட்பவர்தான் தமக்கு அது பொருந்தும் என்று நிரூபிக்க வேண்டும், விலக்கு அறிவிக்கையின் வாசகத்தில் சந்தேகம் எழுந்தால் அதன் பலன் வரி வசூலிக்கும் தரப்புக்கே போகும் என்பது. அது சுங்க வரி வழக்கில் பிறந்த விதி. ஆனாலும் நகராட்சி வருவாய் அலுவலரின் மேஜையில் அதே மனப்பாங்குதான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு மனுவைத் தயாரிப்பது நல்லது. 'எங்கள் முன்னோர் தருமத்துக்காகக் கட்டினார்கள்' என்ற வாக்கியம் எதையும் நிரூபிப்பதில்லை. 'இந்தச் சத்திரத்தில் தங்குவோரிடம் வாடகை வசூலிக்கப்படுவதில்லை; கடந்த மூன்றாண்டு வரவு செலவுக் கணக்கு இணைக்கப்பட்டுள்ளது' என்ற வாக்கியம் நிரூபிக்கிறது.

இனி பதிவேட்டுக்கு வருவோம். இந்தப் பகுதிக்கு ஒரு தனி வரலாறு உண்டு, அது மனுவில் நேரடியாக வேலை செய்கிறது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து, கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் 1799க்குப் பிறகு சேர்ந்தது. கும்பினி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் ரயத்துவாரி முறைக்கு அடித்தளம் போட்டது இந்தப் பாராமகாலில்தான். ஒவ்வொரு புலத்தையும் அளந்து, யார் பயிர் செய்கிறார், என்ன தீர்வை என்று எழுதும் பழக்கம் இங்கே அவ்வளவு ஆழமாக வேர்விட்டது. பின்னாளில் இந்தப் பகுதி சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965இல் தர்மபுரி மாவட்டம் பிரிந்தது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஆகவே உங்கள் ஏரிக்கரைச் சத்திரத்தின் பழைய ஆவணம் கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் இல்லை என்று பதில் வந்தால் தேடலை அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். தர்மபுரி, சேலம் ஆவணக் காப்பறைகளுக்கும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் எழுதிக் கேளுங்கள். தெலுங்கிலோ கன்னடத்திலோ ஆவணம் கிடைத்தால் சான்றளித்த தமிழ் மொழிபெயர்ப்போடு இணையுங்கள். எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளி, ஆனேக்கல் பக்கத்தில் உள்ள நிலத்துக்கான பஹணி என்ற கர்நாடக நிலப் பதிவு இங்கே செல்லாது. குடும்பம் ஒன்றாக இருந்தாலும் நிலம் இரண்டு மாநிலத்தது.

பழைய ஆவணத்தை விட முக்கியம், இன்றைய அ-பதிவேட்டுப் பக்கம். அதை இணையத்தில் பார்த்துவிடலாம், ஆனால் மனுவுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தின் சான்றிட்ட நகல் வேண்டும். அதில் பழைய புல எண், புதிய புல எண், ரயத்துவாரியா அரசு நிலமா, நஞ்சையா புஞ்சையா, பரப்பு, தீர்வை, பட்டா எண் என்று கட்டங்கள் ஓடி, கடைசியில் குறிப்பு என்று ஒரு குறுகிய கட்டம் இருக்கும். உங்கள் வழக்கு வெல்வதும் வீழ்வதும் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான். அங்கே 'ஏரி', 'குளம்', 'ஓடை', 'கோவில்', 'சத்திரம்' என்று ஒற்றைச் சொல் எழுதியிருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் இந்தக் கட்டங்கள் புதிதாக எழுதப்பட்டபோது நிறைய பிழைகள் புகுந்தன. குளக்கரை நந்தவனம் தரிசாகவும், தருமச் சத்திரம் தனியார் நத்தமாகவும் மாறியதுண்டு. அதனால் புதிய பக்கத்தை மட்டும் நம்பாமல், அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டு நகலையும் வாங்கி இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் அதைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலரிடம் மனு செய்ய வேண்டும். கிராமத்து நிலமென்றால் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியிலும் மனு கொடுக்கலாம். இந்தத் திருத்தத்துக்கு மாதங்கள் ஆகும். ஆனால் தவறான பதிவோடு போய் வரி விலக்கு கேட்டால், மறுக்கும் ஆணை ஒன்று கோப்பில் சேர்ந்து அடுத்த மனுவுக்கும் முட்டுக்கட்டையாகும்.

ஆனால் பதிவைத் திருத்தப் போகும்போது ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும்: நீர்ப்பரப்பு உங்களுடையது என்று கோராதீர்கள். பாகலூர், பேரிகை, சூளகிரி என்று இந்த வட்டாரத்தில் பழைய பாளையங்கள் இருந்தன. ஜமீன் ஏரி, எங்கள் தாத்தா வெட்டிய ஏரி என்று சொல்லும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. வெட்டியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், அறிவிக்கப்பட்ட எஸ்டேட்டுகளில் இருந்த ஆறு, ஓடை, ஏரி, பாசன வசதி, பொது நிலம், புறம்போக்கு எல்லாவற்றையும் அரசுக்கே சேர்த்துவிட்டது. 2005இல் எல். கிருஷ்ணன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நீர்நிலைப் புறம்போக்குகளைக் கண்டறிந்து ஆக்கிரமிப்பை அகற்றும்படி அரசுக்கு உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து 2007இல் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. இவ்வளவுக்கும் பிறகு ஏரிப் புலத்துக்குள் வரும் ஒரு சென்ட் நிலத்துக்கு வரி விதிப்பு எண் கேட்டு மனுப் போட்டால், ஆக்கிரமிப்பை நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டதாக ஆகும். மனுவோடு இணைக்கும் புல வரைபடத்தில் ஏரியின் எல்லைக் கோடும் உங்கள் நிலத்தின் எல்லைக் கோடும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். சந்தேகமிருந்தால் முதலில் சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுவிடுங்கள்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். ஏரியோரக் காலிமனைக்கு வரும் வரி சொற்பம்தானே, அதற்கு இத்தனை அலைச்சல் எதற்கு என்பார்கள். தொகையை மட்டும் பார்த்தால் ஆட்சேபம் சரிதான். ஆனால் ஓசூரில் தொகை அப்படியே நிற்பதில்லை. 1970களில் சிப்காட் வந்தது, அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் வந்தன. ஊர் அவற்றைச் சுற்றி வளர்ந்தது. 2011இல் மத்திகிரி பேரூராட்சியும் மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி, சென்னத்தூர், ஆவலப்பள்ளி ஊராட்சிகளும் ஓசூர் நகராட்சியோடு இணைந்தன. 2019இல் அது மாநகராட்சியானது. ஊராட்சியாக இருந்தவரை வெறும் நிலத்துக்கு வரி இல்லை, வீட்டுக்கு மட்டுமே வீட்டு வரி. எல்லை நகர்ந்ததும் அதே தோப்பு காலிமனை வரிக்குள் வந்தது. 2022 ஏப்ரலில் மாநிலம் முழுக்க நடந்த சீராய்வில் குடியிருப்புகளுக்குப் பரப்பைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதமும், தொழிற்கூடங்களுக்கு 75 சதவீதமும், வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதமும் இந்த ஊர்களில் வரி உயர்ந்தது. ஏரிக்கரை மண்டபத்தை ஒரு தொழிற்சாலையின் ஒப்பந்தக்காரர் சரக்கு வைக்க ஆறு மாதம் வாடகைக்கு எடுத்தார் என்றால், அடுத்த கள ஆய்வில் அது வணிகமாகவோ தொழிற்கூடமாகவோ பதிவாகும். பிறகு அந்தப் பதிவை மாற்றுவது வரி கட்டுவதை விடக் கடினம். இன்றைய தொகை சிறிது என்பதற்காக வகைப்பாட்டை விட்டுக்கொடுத்தால், பெரிய தொகையை வருங்காலத்துக்கு எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

விவசாயம் நடக்கும் ஏரிக்கரை நிலத்துக்கு வழி கொஞ்சம் எளிது. பழைய சட்டத்தில் காலிமனை வரி, முழுவதும் விவசாயத்துக்கே பயன்படும் நிலத்தைத் தொடாமல் எழுதப்பட்டிருந்தது. தென்னையும் மாவும் நிற்கும் தோப்பாக இருந்தால், கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவில் பயிர் ஒவ்வொரு பசலியிலும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அடங்கலில் தரிசு என்று எழுதியிருக்க, மனுவில் தோப்பு என்று எழுதினால் நம்ப மாட்டார்கள். மரத்தை நேரில் காட்டினாலும் எழுத்தே வெல்லும்.

அடுத்த ஆட்சேபம் உணர்ச்சியோடு வருவது, அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். கிருஷ்ணகிரிக் கோட்டையும் ராயக்கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. 2010 சட்டத் திருத்தத்தின்படி அத்தகைய சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. கட்டவும் விடாமல் வரியும் கேட்பது எந்த ஊர் நியாயம் என்று அந்த வட்டத்துக்குள் நிலம் வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். கோபம் நியாயமானது, ஆனால் சட்டம் இரண்டையும் இணைக்கவில்லை. ஒன்றிய அரசின் சொத்துக்கு அரசியல் சாசனத்தின் 285ஆவது பிரிவு வரி விலக்கு தருகிறது. பக்கத்து நிலத்துக்கு அதில் பங்கில்லை. இந்த வட்டத்துக்குள் இருப்பவர் கேட்கக்கூடியது விலக்கு என்பதை விட, சரியான வகைப்பாடு. கட்ட முடியாத நிலம் கட்டடத்தோடு சேர்ந்த வளாகமாக மதிப்பிடப்பட்டிருந்தால் அதைப் பிரித்துக் காலிநிலமாகவோ விவசாய நிலமாகவோ எழுதச் சொல்லலாம். அதற்குத் தொல்லியல் துறை அனுமதி மறுத்த கடிதமே மிகச் சிறந்த ஆவணம். ஏரிக்கரையில் நடுகல்லோ தூம்புக் கல்வெட்டோ இருக்கும் நிலத்துக்கு மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதி, 1966ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கக் கேட்கலாம். இந்த மாவட்டத்தில் நடுகற்கள் ஏராளம். ஆனால் அறிவிப்பு வந்தால் அதோடு கட்டுப்பாடுகளும் சேர்ந்தே வரும் என்பதை நிலத்துக்காரர் முன்கூட்டியே உணர்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம் எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது: ரோடும் சாக்கடையும் போடப் பணமில்லாமல் திணறும் மாநகராட்சியிடம் சிலர் மட்டும் விலக்கு கேட்டால் சுமை மற்றவர் தலையில் ஏறாதா? ஏறும். அதனால்தான் விலக்குக்கு ஈடாகப் பொதுநன்மை கண்ணுக்குத் தெரிய வேண்டும். வேறு நாடுகளிலும் இத்தகைய சலுகை நிபந்தனையோடு கொடுக்கப்படுவதுண்டு. கலிஃபோர்னியாவில் 1972 முதல் இருக்கும் மில்ஸ் சட்டத்தின்படி பழம்பெரும் கட்டடத்தின் உரிமையாளர் உள்ளாட்சியோடு குறைந்தது பத்தாண்டு ஒப்பந்தம் போட்டு, கட்டடத்தைப் பராமரிக்க எழுதிக் கொடுத்தால்தான் வரி குறையும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மீனவர் தொழில் செய்யும் கரையோர நிலத்துக்கு அதன் சந்தை மதிப்புக்குப் பதிலாக நடப்புப் பயன்பாட்டு மதிப்பில் வரி விதிக்க 2005இல் மக்கள் வாக்களித்து மாநில அரசியல் சாசனத்தையே திருத்தினார்கள். அங்கும் பயன்பாட்டை மாற்றினால் அபராதம் உண்டு. நமது சட்டத்தில் சத்திரத்துக்கு வாடகை கூடாது, வழிபாட்டிடத்தில் வேறு பயன்பாடு கூடாது என்பதும் இதே பேரம்தான். இந்த நிபந்தனைகளை நேர்மையாக நிறைவேற்றும் சொத்துக்கு மட்டுமே விலக்கு கேளுங்கள். சத்திரத்தின் தெருப்பக்கம் இரண்டு கடை வாடகைக்கு விட்டிருந்தால், அந்தக் கடைகளுக்கு வரி கட்டத் தயார் என்று நீங்களே மனுவில் எழுதி, அளவைப் பிரித்துக் காட்டுங்கள். பிரித்துக் காட்டாவிட்டால் முழுக் கட்டடமும் வணிகமாகப் பதிவாகும் ஆபத்து இருக்கிறது. சட்டத்தில் இல்லாத புது வகை வேண்டுமானால், மாமன்றத் தீர்மானம் ஆதரவாக இருக்கலாமே தவிர, அது மட்டும் போதாது. மாநில அரசின் ஆணை வேண்டும், அது தனிப் பயணம்.

மனுவை மாநகராட்சி ஆணையரின் பெயருக்கு எழுதி வருவாய்ப் பிரிவில் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நகராட்சியிலும் ஆணையருக்கே, பேரூராட்சியில் செயல் அலுவலருக்கு. வரி விதிப்பு எண், புல எண், வார்டு எண் மூன்றையும் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். அடுத்த பத்தியில் எந்த வகை விலக்கு அல்லது எந்தப் பயன்பாட்டு வகை கேட்கிறீர்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். வரலாறு மூன்றாவது பத்திக்குப் போகட்டும், சுருக்கமாக. கள ஆய்வுக்கு வரும் வருவாய் ஆய்வாளர் கட்டடத்தை அளப்பதோடு மின் இணைப்பு அட்டையையும் கேட்பார். பொது வழிபாட்டிடத்துக்கு மின்வாரியத்தில் 2-சி என்று தனிக் கட்டண விகிதம் உண்டு. வழிபாட்டிடம் என்று விலக்கு கேட்கும் இடத்தின் மின்கட்டணம் வணிக விகிதமான ஐந்தாம் பட்டியலில் ஓடிக்கொண்டிருந்தால், மற்ற ஆவணங்கள் எத்தனை இருந்தாலும் கேள்வி எழும். மின் இணைப்பை முதலில் சரியான விகிதத்துக்கு மாற்றிவிட்டு மனுப் போடுங்கள். வரி ரசீதைப் பட்டாவுக்கு மாற்றாகக் காட்டாதீர்கள். வரி ரசீது உரிமையைத் தராது என்பது நீதிமன்றங்களில் நிலைத்துவிட்ட கருத்து. அது அனுபவத்துக்குத் துணைச் சாட்சி, அவ்வளவே.

மனு நிலுவையில் இருக்கும்போது வரியைக் கட்டாமல் நிறுத்தி வைப்பது வீண் தகராறு. ஆட்சேபத்தோடு கட்டுவதாக எழுதிக் கொடுத்துக் கட்டிவிடுங்கள். விலக்கு கிடைத்தால் வரும் அரையாண்டுகளில் சரிக்கட்டக் கேட்கலாம். மறுப்பு வந்தால், காரணங்களோடு கூடிய எழுத்துப்பூர்வ ஆணையைக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழி மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. ஆணையில் குறித்திருக்கும் கால வரம்பைத் தவறவிடாதீர்கள். ஆணையே வராமல் இழுத்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையையும் கள ஆய்வு அறிக்கையின் நகலையும் கேளுங்கள்.

விலக்கு ஆணை கைக்கு வந்த பிறகும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. ஆணை கோப்பில் இருக்கும், கேட்புத்தொகை கணினியில் இருக்கும். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட முடியாது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்கியதும் உங்கள் வரி விதிப்பு எண்ணை இணையத்தில் போட்டுப் பயன்பாட்டு வகை ஆணையில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். பொதுச் சீராய்வு நடக்கும் ஆண்டில் இரண்டு முறை பாருங்கள், ஏனெனில் மறு அளவையில் பழைய வகைப்பாடு திரும்பி வர வாய்ப்புண்டு. பிழை இருந்தால் ஆணை நகலோடு அந்த மாதத்துக்குள்ளேயே எழுதிக் கொடுங்கள். வரி கட்ட வேண்டிய பகுதி ஏதும் இருந்தால் அதையும் அரையாண்டு தொடங்கிய முப்பது நாளுக்குள் கட்டிவிட்டால் 5 சதவீத ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, கிடைக்கும்.